அட்வான்ஸுக்கும் கிரயத்துக்கும் நடுவே: வீடு, மனை கேள்வி பதில்

தாம்பரம் பக்கத்தில் ஒரு தனி வீட்டை 62 லட்சத்துக்குப் பேசி, வங்கி மூலம் 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். முத்திரைத்தாளில் மூன்று மாதக் கெடு வைத்து அக்ரிமென்ட் எழுதினோம், பதிவு செய்யவில்லை. கெடு முடிய இரண்டு வாரம் இருக்கிறது. இப்போது, "எட்டு லட்சம் கூடத் தந்தால் கிரயம், இல்லையென்றால் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார் வீட்டுக்காரர்.

தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்யாததால் உங்கள் அக்ரிமென்ட் வெற்றுக் காகிதம் ஆகிவிடாது. கிரயம் செய்து தரச் சொல்லும் வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பதிவாகாத ஒப்பந்தம், சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறாது. விஷயம் தெரியாத மூன்றாவது ஆள் ஒருவர் நாளைக்கே முழு விலை கொடுத்துக் கிரயம் வாங்கிவிட்டால், நீங்கள் வீட்டை விட்டுவிட்டுப் பணத்துக்கு அலைய வேண்டியதுதான்.

கெடு முடியும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே வழக்கறிஞர் நோட்டீஸை ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். மீதி 57 லட்சம் தயாராக இருக்கிறது, இன்ன தேதி இத்தனை மணிக்கு இன்ன சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருப்பேன் என்று அதில் தேதியோடு இருக்க வேண்டும். பணம் இருந்ததற்கு ஆதாரம் முக்கியம்: வங்கிக் கடன் அனுமதிக் கடிதம், வைப்புத்தொகை ரசீது, அந்த மாதத்துக் கணக்கு விவரம். வாங்குபவர் தொடக்கம் முதல் கடைசி வரை தயாராகவும் விருப்பத்தோடும் இருந்தாரா என்றுதான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். இந்த வகை வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. "பணம் புரட்டியிருப்பேன்" என்ற வாதம் நிற்காது.

இன்னொன்று. வீட்டுக்காரர் 5 லட்சத்தைச் சொல்லாமல் உங்கள் கணக்கிலேயே போட்டுவிடக்கூடும். அப்படிச் செய்தால் உடனே திருப்பி அனுப்பி, ஏற்கவில்லை என்று எழுத்தில் சொல்லுங்கள். பேசாமல் வைத்துக்கொண்டால், ரத்துக்கு ஒப்புக்கொண்டதாக வாதிடுவார்.

வழக்குப் போட கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆனால் தாமதம் உங்களுக்கே பாதகம். கிரயம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் வட்டியோடு வேண்டும் என்ற மாற்றுக் கோரிக்கையையும் மனுவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். கேட்காததை நீதிமன்றம் தானாகத் தராது. நீதிமன்றக் கட்டணம் விற்பனை விலையில் 3 சதவீதம், உங்கள் கணக்கில் 1,86,000 ரூபாய். அதற்கு மேல் வழக்கறிஞர் கட்டணம், பல ஆண்டுக் காத்திருப்பு. நோட்டீஸ் போன பிறகு பேசி, இரண்டு மூன்று லட்சத்தில் முடிகிறதென்றால் முடித்துக்கொள்வதே எங்கள் கருத்து. அந்தப் புது விலையையாவது பதிவு செய்த ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அப்பா உயில் எழுதாமல் காலமானார். வீடு அவருடைய சுயசம்பாத்தியம். அம்மா, நான், இரண்டு தங்கைகள். கல்யாணத்தில் நகையும் சீரும் நிறையவே செய்தாகிவிட்டது. பட்டா என் பெயரில் இருக்கிறது. மூத்த தங்கை கையெழுத்துப் போட மறுக்கிறாள். நான் விற்கலாமா?

முழு வீட்டையும் விற்க முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. அப்பா இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பாட்டிக்கும் பங்கு உண்டு, ஐந்தாகப் பிரியும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. சீர் செய்ததால் பங்கு கழியாது. தங்கை தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால்தான் கழியும். பட்டா வருவாய்த் துறை ஆவணம். அது மற்ற வாரிசுகளின் உரிமையை அழிக்காது.

உங்கள் கால் பங்கை மட்டும் விற்கச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் குடும்ப வீட்டில் பங்கு வாங்கும் வெளியாள் உள்ளே வந்து கூடக் குடியிருக்க உரிமை கேட்க முடியாது; பாகப்பிரிவினை வழக்குப் போட்டுத்தான் பங்கைப் பெறவேண்டும். அதனால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். நால்வரும் ஒரே கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனி டிமாண்ட் டிராஃப்ட் என்று பத்திரத்திலேயே எண்ணோடு குறிப்பிடச் சொல்லுங்கள். மறுக்கும் தங்கைகள் பலருக்கு உண்மையான பயம், பணம் அண்ணன் கைக்குப் போனால் தன் கைக்கு வராது என்பதுதான்.

2014-இல் ஒருவருக்கு விற்க ஒப்பந்தம் பதிவு செய்தேன். அவரால் பணம் கட்ட முடியவில்லை; அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்றும் அது வில்லங்கச் சான்றில் நிற்கிறது. புதிதாக வாங்க வந்தவருக்கு வங்கி கடன் தர மறுக்கிறது.

பதிவான ஒப்பந்தத்தை இரு தரப்பும் கையெழுத்திட்ட, பதிவான ரத்துப் பத்திரத்தால் நீக்குவதே நேர்வழி. அட்வான்ஸைத் திருப்பித் தந்த அன்றே சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை எழுதி வாங்கியிருக்க வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துக்குப் பேரம் பேசினால், கெடு முடிந்து மூன்றாண்டுகள் கடந்து அவருடைய வழக்குரிமை காலாவதியானதைக் காட்டி வழக்கறிஞர் கருத்துரை வாங்குங்கள். பணம் திரும்பிய வங்கிக் கணக்கு விவரத்தையும் சேருங்கள். சில வங்கிகள் ஏற்கும். ஏற்காவிட்டால் உரிமையியல் நீதிமன்றம்தான்.

வீட்டின் விலை 60 லட்சம். விற்பவர், பத்திரத்தில் 40 லட்சம் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகக் கேட்கிறார். செலவும் மிச்சம் என்கிறார்.

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தில் உங்களுக்கு மிச்சம் 1,80,000 ரூபாய். மற்ற லாபமெல்லாம் அவருக்கு. அந்த 20 லட்சம் கொடுத்ததற்கு உங்களிடம் துண்டுச்சீட்டுகூட இருக்காது. பின்னாளில் நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 40 லட்சம் என்றே கணக்காகி, மூலதன ஆதாய வரி கூடும். ஆனால் உங்கள் கையில் ஒரு பிடி உண்டு: சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த அபராதம் பணத்தை வாங்கியவருக்குத்தான். இதை அவரிடம் பதமாகச் சொல்லுங்கள். உண்மை விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் 1 சதவீத வரியைப் பிடித்துச் செலுத்தும் பொறுப்பும் உங்களுடையது. அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீதம் பொருந்தாது; விகிதம் அதிகம், ஆடிட்டரைக் கேளுங்கள்.

சாவி வாங்கப் போனபோது போர் மோட்டாரையும் மாடுலர் கிச்சன் அலமாரிகளையும் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கேட்க முடியுமா?

அக்ரிமென்டில் பட்டியல் இருந்தால் கேட்கலாம். இல்லையென்றால், தரையில் பதித்த மோட்டாருக்கு வாதம் உண்டு, அலமாரிக்கு இழுபறிதான். மோட்டார், இன்வெர்ட்டர், கீசர், மின்விசிறி ஒவ்வொன்றும், மின்கட்டணம், சொத்து வரி, குடிநீர் வரி பாக்கி எந்தத் தேதிவரை யாருடையது என்பதும் அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே எழுத வேண்டியவை.