புறப்பாடு தாமதமானால் ஆஸ்திரேலிய விசாவின் ஓராண்டு குறையுமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசா (சப்கிளாஸ் 462) எனக்குச் சென்ற மே மாதம் கிடைத்தது. அம்மாவின் அறுவைச் சிகிச்சை, தங்கையின் திருமணம் என்று இரண்டு முறை பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டேன். இதற்கிடையில் டிசம்பரில் எனக்கு 31 வயதாகிவிட்டது. வரும் பிப்ரவரியில் மில்டூராவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் அறுவடை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு 11.30 மணிக்குத் திருச்சியில் ஏறி, சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கோலாலம்பூரில் இறங்கி, 10.30 மணிக்கு மெல்போர்ன் விமானத்தைப் பிடிப்பதாகத் திட்டம். மலிவாக இருப்பதால் இரண்டு டிக்கெட்டுகளையும் வெவ்வேறு நிறுவனங்களில் தனித்தனியாக எடுக்கப் போகிறேன். திங்கட்கிழமை காலை வேலையில் சேர வேண்டும். முதல் விமானம் தாமதமானால் என்ன ஆகும்? விசா நாட்கள் குறையுமா? வயது கடந்துவிட்டது சிக்கலாகுமா?
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: விசாவைப் பற்றிய கவலையை முதலில் ஒதுக்கிவிடலாம். இந்த விசா தரும் 12 மாதங்கள், நீங்கள் ஆஸ்திரேலியாவுக்குள் முதன்முறை நுழையும் நாளிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன; விசா வழங்கப்பட்ட நாளிலிருந்து அல்ல. ஆகவே கோலாலம்பூரில் இரண்டு நாட்கள் மாட்டிக்கொண்டாலும், உங்கள் ஓராண்டு அந்த இரண்டு நாட்கள் தள்ளித் தொடங்குமே தவிர, ஒரு நாளும் குறையாது. வயது வரம்பும் அப்படித்தான். விண்ணப்பிக்கும்போது 18 வயது நிறைந்தவராகவும் 31-ஐ எட்டாதவராகவும் இருந்தீர்களா என்பது மட்டுமே பார்க்கப்படும். விசா கையில் வந்தபின் 31 வயதாவதால் அது செல்லாமல் போவதில்லை.

ஆனால் விசா வழங்கிய கடிதத்தில், எந்த நாளுக்குப் பின் நாட்டுக்குள் நுழையக் கூடாது என்று ஒரு தேதி அச்சிடப்பட்டிருக்கும். பொதுவாக அது விசா வழங்கப்பட்ட நாளிலிருந்து 12 மாதம் தள்ளி வரும். உங்களுக்கு அது இந்த மே மாதமாக இருக்க வேண்டும். அந்தத் தேதிக்குள் நுழையாவிட்டால் விசா காலாவதியாகிவிடும். மறுபடி முயலலாமே என்று நீங்கள் நினைக்கவும் முடியாது. இந்தியர்களுக்கு இந்த விசா 2024-இல்தான் திறக்கப்பட்டது. இரு நாடுகளுக்கும் இடையே 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த பொருளாதார ஒத்துழைப்பு, வணிக ஒப்பந்தத்தின் பயனாக ஆண்டுக்கு 1,000 இடங்கள் ஒதுக்கப்பட்டு, அவையும் குலுக்கல் முறையில் நிரப்பப்படுகின்றன. உங்கள் வயதில் அந்தக் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கவே முடியாது. மூன்றாவது முறையாகத் தள்ளிவைக்க வேண்டிய காரணம் எது வந்தாலும், மே மாதத் தேதியைச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். உள்ளே நுழைந்தபின் கடிகாரம் நிற்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நடுவில் இரண்டு மாதம் ஊருக்கு வந்து போனால் அந்த இரண்டு மாதமும் ஓராண்டில் கழிந்ததாகவே கொள்ளப்படும்.

உங்கள் திட்டத்தில் உண்மையான ஆபத்து டிக்கெட்டில் இருக்கிறது. இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவில், ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருந்தால், திருச்சி விமானம் தாமதமாகி மெல்போர்ன் விமானத்தைத் தவறவிடும்போது உங்களை அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது டிக்கெட் கொடுத்த நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் பெரும்பாலும் திருச்சியிலேயே மெல்போர்ன்வரை ஒப்படைக்கப்பட்டுவிடும். தனித்தனியாக எடுத்தால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராமல் போன பயணி, அவ்வளவுதான். நீங்கள் ஏன் வரவில்லை என்பதோ, தவறு யாருடையது என்பதோ அவர்களுக்குத் தேவையில்லை. அந்த டிக்கெட் வீணாகும். அதே முன்பதிவில் திரும்பும் பயணமும் இருந்தால் அதுவும் சேர்ந்து ரத்தாகக்கூடும். அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்க வேண்டியது உங்கள் தலையில் விழும். தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் ஒட்டி வரும் காலத்தில் கோலாலம்பூர் வழியாகச் செல்லும் விமானங்களில் கடைசி நேர இடம் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதைத் திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இடையில் நாலரை மணி நேரம் இருக்கிறதே என்று தோன்றலாம். தனி டிக்கெட்டில் அந்த நேரம் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். 6 மணிக்கு இறங்கிக் குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டி வரும்வரை காத்திருந்து, சுங்கம் கடந்து வெளியே வந்து, அடுத்த நிறுவனம் மற்றொரு முனையத்திலிருந்து புறப்படுவதாக இருந்தால் ரயிலில் அங்கே போய், மறுபடி பெட்டியை எடை போட்டு ஒப்படைக்க வேண்டும். அந்தக் கவுன்ட்டர் விமானம் கிளம்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடப்படும். எல்லாம் சரியாக நடந்தாலும் உங்கள் கையில் மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். இரவு விமானத்துக்கு ஒன்றரை மணி நேரத் தாமதம் அதிசயமல்ல. முந்தைய ஊரிலிருந்து வர வேண்டிய விமானம் பிந்தினாலே அவ்வளவு ஆகிவிடும்.

ஆகவே, கொஞ்சம் கூடுதல் விலையானாலும் ஒரே பிஎன்ஆரில் டிக்கெட் எடுங்கள் என்பதே என் முதல் யோசனை. விலை வித்தியாசம் உண்மையிலேயே தாங்க முடியாததாக இருந்தால், கோலாலம்பூரில் ஒரு முழு இரவு தங்கும்படி திட்டமிட்டு, மெல்போர்ன் விமானத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். ஒரு நாள் அறை வாடகை, வீணாகும் ஒரு டிக்கெட்டைவிடக் குறைவு. இந்தியக் கடவுச்சீட்டுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு அளித்திருக்கிறது; அது 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை, சென்று சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பியாக வேண்டும். இது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. வெள்ளி இரவு விமானம் தாமதமாகி வருகைத் தேதியே மாறிவிட்டால் அட்டையைப் புதிய தேதியுடன் மறுபடி நிரப்பிவிடுங்கள். வரிசையில் நின்றுகொண்டு நிரப்புவதைவிடத் திருச்சியில் காத்திருக்கும்போதே முடிப்பது நல்லது.

தனி டிக்கெட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. திருச்சிக் கவுன்ட்டரில் இருப்பவரின் கணினியில் நீங்கள் மலேசியாவுக்குச் செல்பவராகவே தெரிவீர்கள். மெல்போர்ன் டிக்கெட்டையும், விசா வழங்கிய கடிதத்தையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். ஆஸ்திரேலிய விசா கடவுச்சீட்டில் ஒட்டப்படுவதில்லை என்பதால் தாளைக் காட்டினால் பேச்சு சுருங்கும். உங்கள் கடவுச்சீட்டில் ஈ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை) முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் ஆஸ்திரேலியா இல்லை, மலேசியா இருக்கிறது. நீங்கள் அங்கே வேலைக்குப் போகவில்லை என்பது உண்மைதான், ஆனாலும் நள்ளிரவில் குடியேற்ற அதிகாரியிடம் அதை விளக்கிக்கொண்டிருப்பதைவிட, பட்டச் சான்றிதழைக் காட்டி முன்கூட்டியே அந்த முத்திரையில்லாத கடவுச்சீட்டாக மாற்றிக்கொள்வது எளிது.

இனி, தாமதம் நேர்ந்தே விட்டால் என்ன கேட்கலாம் என்பது. இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதிகளின்படி, இரண்டரை மணி முதல் ஐந்து மணி நேரம்வரை பறக்கும் விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். திருச்சி–கோலாலம்பூர் இந்த வகையில் வருகிறது. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்கும் அறையும் உண்டு, உங்கள் 11.30 மணி விமானம் இதற்குள் அடங்கும். ஆனால் மோசமான வானிலை போன்று நிறுவனத்தின் கைமீறிய காரணங்களுக்கு இவற்றில் விலக்கு கோரப்படும். வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டு விதியைக் காட்டுவதும் உண்டு. கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு மலேசிய நுகர்வோர் பாதுகாப்பு விதித்தொகுப்பு பொருந்தும்: இரண்டு மணி நேரத் தாமதத்துக்கு உணவு; ஐந்து மணி நேரம் அல்லது அதற்கு மேல் என்றால், பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஐரோப்பாவில் இருப்பதுபோல் தாமதத்துக்கென்று நிர்ணயித்த இழப்பீட்டுத் தொகை ஆஸ்திரேலியாவில் கிடையாது. அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

இவற்றுக்கு மேல், 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா, மலேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் அதில் சேர்ந்தவை. தாமதத்தால் உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட செலவை நிறுவனத்திடம் கோர அது வழி செய்கிறது; தாமதத்தைத் தவிர்க்க நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுத்தோம் என்று நிரூபித்தால் நிறுவனம் தப்பித்துக்கொள்ளும். வழக்குத் தொடர இரண்டு ஆண்டுக் கெடு. இந்தக் கோரிக்கைக்கும், பயணக் காப்பீட்டுக்கும் அடிப்படை ஒரே தாள்தான்: எவ்வளவு நேரம், என்ன காரணத்தால் தாமதம் என்று விமான நிறுவனம் எழுதித் தரும் சான்று. கவுன்ட்டரில் கூட்டம் கலைவதற்குள் அதைக் கேட்டு வாங்குங்கள்; வாங்க முடியாவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள். சாப்பாடு, டாக்சி, அறை என எல்லா ரசீதுகளையும் அன்றே படம் எடுத்து வையுங்கள். காப்பீடு எடுக்கும்போது, ‘இணைப்பு விமானம் தவறுதல்’ என்ற பிரிவு தனித்தனி டிக்கெட்டுகளுக்கும் பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பல பாலிசிகளில் பொருந்தாது; விற்கும்போது யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். மருத்துவச் செலவுக்கு இந்தியர்களுக்கு அங்கே மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டு வசதி இல்லை என்பதால் காப்பீட்டைத் தவிர்க்கவும் முடியாது.

மெல்போர்ன் சேர்ந்தபின் இருக்கும் பகுதியைத்தான் நீங்கள் மிகவும் குறைத்து மதிப்பிட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூரில் 10.30-க்குக் கிளம்பும் விமானம் எட்டு மணி நேரம் பறந்து, கோடைக்கால நேரத்தில் மூன்று மணி வித்தியாசத்தையும் சேர்த்து, இரவு 9.30 வாக்கில் டல்லமரைன் விமான நிலையத்தில் இறங்கும். மில்டூரா அங்கிருந்து சுமார் 540 கிலோமீட்டர். நேரடிப் பயணிகள் ரயில் 1993-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. மெல்போர்னின் சதர்ன் கிராஸ் நிலையத்திலிருந்து ரயிலில் பாதி வழி போய், மீதியைப் பேருந்தில் கடக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு பகல் முழுவதும் அதற்கே போய்விடும். இவ்வளவுக்கும் பிறகு திங்கட்கிழமை விடிகாலையில், பிப்ரவரி வெயிலில் 40 டிகிரியைத் தொடக்கூடிய ஊரில், கொடிக்குக் கீழே குனிந்து நிற்பது உடம்புக்கு நல்லதல்ல. வியாழன் அன்று சேர்கிறேன் என்று இப்போதே எழுதிவிடுங்கள். தோட்டக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. திராட்சையின் இனிப்பு ஏறுவதையும் வானிலையையும் பார்த்து அறுவடை நாளையே அவர்கள் முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். சொல்லாமல் மூன்று நாள் பிந்தினால் இடம் போகும். சொல்லிவிட்டுப் பிந்தினால் பெரும்பாலும் போகாது. தங்கும் விடுதிக்கும் இதே கதைதான்: முதல் இரவு தகவலின்றி வராவிட்டால் முழு முன்பதிவையும் ரத்து செய்துவிடும் இடங்கள் உண்டு. ஒருவேளை அந்தத் தோட்டத்தில் இடம் போய்விட்டாலும், ‘ஹார்வெஸ்ட் டிரெயில்’ என்ற அரசுச் சேவை எந்த ஊரில் எந்தப் பழத்துக்கு ஆள் தேவை என்று கட்டணமில்லாமல் சொல்கிறது. வேலை வாங்கித் தர முன்பணம் கேட்பவர் எவரையும் நம்பாதீர்கள்.

தாமதத்தை எண்ணி வீட்டில் புளியோதரை கட்டித் தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், திருச்சியில் மூன்று மணி நேரம் உட்கார நேர்ந்தால் அருமை தெரியும். ஆனால் மிச்சத்தை மெல்போர்னில் இறக்காதீர்கள். விமானத்தில் தரும் பயணி அட்டையில் உணவுப் பொருள் பற்றிய கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்து அதிகாரியிடம் காட்டினால், அதிகம் போனால் பொருளைக் குப்பையில் போடுவார்கள். மறைத்தால் அபராதம், சில சமயம் விசாவே ரத்தாகும். கறிவேப்பிலை, விதைகள், பால்கோவா ஆகியவற்றை எடுத்துச் செல்லவே வேண்டாம். பழைய கிரிக்கெட் ஷூ இருந்தால் அடிப்பக்கத்து மண்ணையும் புல்லையும் ஊரிலேயே கழுவிவிட்டு, அதையும் அட்டையில் குறியுங்கள். பெட்டி வந்து சேராவிட்டால், மண்டபத்தை விட்டு வெளியேறும் முன் அங்குள்ள கவுன்ட்டரில் பதிவு செய்து எண் வாங்குங்கள்; பெட்டி கைக்கு வந்த 21 நாட்களுக்குள், தாமதத்தால் ஆன செலவை நிறுவனத்துக்கு எழுத்தில் கோர வேண்டும். வரிக் கோப்பு எண்ணுக்கு நாட்டுக்குள் நுழைந்த பிறகே விண்ணப்பிக்க முடியும். அது இலவசம், வேலையில் சேர்ந்து 28 நாட்களுக்குள் முதலாளியிடம் கொடுத்தால் போதும் என்பதால், சில நாட்கள் பிந்திச் சேர்வதால் இதில் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை.