கருவிக்காரர்கள் 4 மீட்டர் ஆழம் வரை தெரியும் என்கிறார்கள், 5 அடியில் இருக்கும் கல் வாய்க்கால் ஜிபிஆரில் (தரைக்குள் ரேடியோ அலை விட்டுப் பார்க்கும் ரேடாரில்) தெரியுமா? லிங்க் பட்ஜெட், அதாவது அலை வழியில் எவ்வளவு இழக்கும், எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு, போட்டுப் பார்த்தால் போதுமா?

போதும், ஒழுங்காகப் போட்டால். நீங்களும் என்னைப்போல் பழைய வீட்டைக் கட்டி மேய்ப்பவர் என்று நினைக்கிறேன்.

நான் பல வருஷம் செல்போன் டவர்களுக்கு லிங்க் பட்ஜெட் போட்டவன். அந்தக் கொழுப்புதான் என்னைக் கவிழ்த்தது. காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் தண்ணீர் போகும் கல் வாய்க்கால் எங்கோ அடைத்துக்கொண்டது. தரை முழுக்க ஈரம். முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் கூடியபோது, "ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்க வேண்டாம், 400 மெகாஹெர்ட்ஸ் ரேடார் வைத்துப் பார்த்துவிடலாம்" என்று வாயை விட்டேன்.

கணக்கு இதுதான். கருவியின் மொத்தத் திறன் 120 டெசிபல். அதில் இழப்பு: இரண்டு ஆன்டெனாவுக்கு 6, தரைக்குள் நுழைந்து வெளியேற 5, வாய்க்காலில் பட்டுத் திரும்புவதில் 4, அலை விரிந்து போவதில் 44. மீதி 61. (இவை நான் வைத்துக்கொண்ட தோராயம். ரேடார் சமன்பாட்டை முழுசாகப் போடவில்லையே என்று யாரும் கிளம்ப வேண்டாம்.) நண்பரின் மீட்டரில் மண்ணின் மின்தடைத்திறன் 10 ஓம் மீட்டர், அதாவது மின்கடத்துதிறன் மீட்டருக்கு 100 மில்லிசீமன்ஸ். மண்ணின் மின்காப்பு மாறிலியை 25 என்று வைத்தால் அதன் வர்க்கமூலம் 5. சூத்திரப்படி 1.64 × 100 ÷ 5. மீட்டருக்கு 33 டெசிபல் இழப்பு. ஒன்றரை மீட்டருக்கு 49. கையில் 61 இருக்கிறதே, தாராளம் என்று வாடகைக்கு எடுத்தேன்.

திரையில் ஆன்டெனா ஒன்றுக்கொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும் பட்டை, அதற்குக் கீழே தரைப்பட்டை. அப்புறம் வெறும் புழுதி. டவர் வேலையில் அலை போனால் போனதுதான், ரேடாரில் திரும்பி வரவேண்டும். நான் ஒருவழிக் கணக்குப் போட்டிருக்கிறேன்! போக 49, வர 49. மொத்தம் 98.

பதினாறு தடவை சராசரி எடுத்தால் 12 டெசிபல் கிடைக்கும் என்று ஆபரேட்டர் தம்பி சமாதானம் சொன்னார். கிடைக்கும்தான், ஆனால் போய்வர மீட்டருக்கு 66 டெசிபல் தின்னும் அந்த மண்ணில் அதனால் கூடும் ஆழம் 18 சென்டிமீட்டர்தான். வாய்க்கால் கசிந்து, அடுப்படித் தண்ணீர் உப்போடு ஊறிய களிமண் அது. எதைத் தேடினோமோ அதுவே ரேடாரின் கண்ணைக் கட்டிவிட்டது. காய்ந்த மணலாக இருந்தால் அந்த 4 மீட்டர் பேச்சை நம்பலாம்.

கருவிக்காரரிடம் ஆழத்தைக் கேட்காதீர்கள், டெசிபலைக் கேளுங்கள். அதற்கு முன்னால் மண்ணை அளந்துவிடுங்கள், முடிந்தால் மண் காய்ந்திருக்கும் பங்குனியில்.

வாடகைப் பணத்தில் நான்கு பங்கு இன்னும் வரவில்லை. முகப்பிலிருக்கும் பர்மா தேக்குத் தூணுக்கு விலை பேச மட்டும் அதே நான்கு பேரும் மறுநாளே வந்து நிற்கிறார்கள்.