பேனல் லேபிள் உரிகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கட்டுப்பாட்டுப் பேனலில் ஒட்டும் லேபிள்கள் சில மாதங்களிலேயே முனை தூக்கிக்கொள்கின்றன. இன்னும் நல்ல பசையுள்ள லேபிள் வாங்க வேண்டுமா?

பசையை மாற்றும் முன் பேனலைப் பாருங்கள். லேபிள் உரிவதற்குப் பெரும்பாலும் காரணம் அடியில் இருக்கும் எண்ணெய்ப் படலம்தான். விரல் பட்டாலே அது படிந்துவிடும்; பாலிஷ் போட்ட பேனல் என்றால் கேட்கவே வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, நூல் விடாத துணியில் நனைத்து, ஒரே திசையில் துடையுங்கள். அது தானாகக் காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். அப்படியே காயவிட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் மறுபடி படியும். தின்னர் வேண்டாம், பெயின்ட்டை இளக்கிவிடும்.

அடுத்தது அழுத்தம். லேபிளின் பசை அழுத்தினால்தான் பரப்பின் நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்கும். பழைய ஏடிஎம் அட்டையில் துணி சுற்றி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தித் தேயுங்கள். அக்ரிலிக் பசை முழு பலம் பெறச் சாதாரண வெப்பநிலையில் ஏறக்குறைய 72 மணி நேரம் ஆகும். அதுவரை ஈரத்துணியும் வேண்டாம், நகத்தால் நெம்பிப் பார்ப்பதும் வேண்டாம். ஒட்டும் முன்பே நான்கு மூலைகளையும் வளைவாக வெட்டிவிடுங்கள். கூர்மையான மூலையில்தான் உரிதல் தொடங்கும்.

சொரசொரப்பான பவுடர் கோட்டிங் பெட்டியில் எதுவுமே நிற்பதில்லையே?

மெல்லிய பசை அங்கே மேடுகளின் நுனியை மட்டுமே தொடுகிறது. பசை தடிமனாக உள்ள லேபிளைக் கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால், சிறிய அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்துவிட்டு, அந்த வழவழப்பான தகட்டின் மேல் லேபிளை ஒட்டுவேன்.

தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் எழுத்துகள் வெயிலில் வெளுத்துவிட்டன.

கடை ரசீது போல வெப்பத்தால் அச்சாகும் லேபிள் வெயிலில் உருப்படாது. சாதாரண இங்க்ஜெட் மையும் வெளுத்துவிடும். பாலியெஸ்டர் லேபிளில் ரெசின் ரிப்பன் (லேபிள் பிரிண்டரில் சூட்டால் மையை லேபிளுக்கு மாற்றும் நாடா) கொண்டு கறுப்பில் அச்சடியுங்கள். கறுப்பில் இருக்கும் கரி நிறமி வெயிலைத் தாங்கும். சிவப்பு பெரும்பாலும் முதலில் போகும். ஆனால் நிறுத்தும் பொத்தானுக்கும் மின் அபாய எச்சரிக்கைக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். இரு வண்ண அடுக்குள்ள பிளாஸ்டிக்கில் எழுத்தைச் செதுக்கி, திருகு போட்டு மாட்டுங்கள். மெயின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் துளையிட வேண்டும். ஆள் உயிர் சம்பந்தப்பட்ட எழுத்து அழியவே கூடாது.

நானே செய்த ஆம்ப்ளிஃபயருக்கு லேசர் பிரிண்டரில் முகப்பு லேபிள் அடித்தேன். மேலே கிளியர் லாக்கர் அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் முதல் பூச்சிலேயே நனைய அடித்தால் டோனர் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) கரைந்து எழுத்து கலங்கும். தள்ளி நின்று பனி படிவதுபோல் லேசாக, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்ததை அடியுங்கள். முதலில் கழிவுத் துண்டில் சோதியுங்கள். இதைவிட நல்ல வழி, தெளிவான பிலிமின் பின்புறம் கண்ணாடிப் பிம்பமாக அச்சடித்து ஒட்டுவது. குமிழைத் திருகும் விரல் பிலிமை மட்டுமே தேய்க்கும், எழுத்தைத் தொடாது.

பழைய புடைப்பெழுத்து டேப்பில் வெள்ளை மங்குவது ஏன்?

அது மை அல்ல. பிளாஸ்டிக் இழுபட்ட இடம் வெளுத்து எழுத்தாகத் தெரிகிறது. சூடு பட்டால் அது தளர்ந்து பழைய நிறத்துக்குத் திரும்பும். டிரான்ஸ்பார்மருக்கு மேலே ஒட்டாதீர்கள்.

பழைய லேபிளை எடுத்தால் பிசுக்கு மிஞ்சுகிறது.

ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, லேபிளைப் பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுங்கள். மிஞ்சும் பிசுக்கின் மேல் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்துத் துடையுங்கள். பிறகு எண்ணெயும் போக ஆல்கஹால் கலவை. மீட்டரின் அக்ரிலிக் முகப்பில் மட்டும் ஆல்கஹால் படக் கூடாது, நுண்ணிய வெடிப்புகள் விழும். அங்கே சோப்புத் தண்ணீர்தான்.