பால்வாடியா, பிளே ஸ்கூலா?

வணக்கம் அக்கா,

எனக்கு 28 வயது. பிளஸ் டூவுக்குப் பிறகு மாண்டிசோரி டிப்ளமோ முடித்தேன். நான்கு வருடமாக ஒரு பிளே ஸ்கூலில் டீச்சர். மாதம் 9,000 ரூபாய். மே மாதம் சம்பளம் கிடையாது. எங்கள் ஊர் அங்கன்வாடியில் ஓர் இடம் காலியாகப் போகிறது. "அரசாங்க வேலை, எழுதிப் போடு" என்கிறார் மாமியார். எனக்குப் பிடித்தது குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. அங்கே போனால் சோறாக்குவதிலேயே பொழுது போய்விடுமோ என்று பயம். உங்கள் அம்மா பால்வாடி டீச்சர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ச., ஈரோடு மாவட்டம்

அன்புள்ள ச.,

சோறாக்குவது உதவியாளரின் வேலை. எங்கள் ஊரில் ஆயா என்போம். ஆயா வராத நாளில் அம்மாதான் உலை வைப்பார். ஆக, உங்கள் பயம் பாதி சரி.

முதலில் மாமியார் கணக்கைப் பார்த்துவிடலாம். 1975 அக்டோபர் 2-ல் அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து மத்திய அரசின் பார்வையில் அங்கன்வாடிப் பணியாளர் மதிப்பூதியம் வாங்குபவர்தான், சம்பளக்காரர் இல்லை. வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) அவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2022-ல்தான். தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒரு தனி ஊதிய விகிதம் இருப்பதால் கொஞ்சம் பரவாயில்லை. 2025 அறிவிப்பின்படி முதல் ஓராண்டு தொகுப்பூதியம் 7,700 ரூபாய். அப்புறம் 7,700 – 24,200 என்ற ஊதிய விகிதம். அதாவது முதல் வருடம் இப்போது வாங்குவதைவிடக் குறைவு. கல்யாணப் பேச்சில் இதையெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை, அரசாங்க வேலை என்றால் சரி.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். திட்டத்தில் ஆறு சேவைகள் உண்டு. முன்பருவக் கல்வி அதில் ஒன்று. எடை, உயரம் பார்த்து போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் ஏற்ற வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு, தடுப்பூசி நாளன்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வருவது, பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும். இதற்கு நடுவில்தான் பாட்டும் கதையும்.

அம்மாவின் மையத்தில் உத்தரத்தில் தராசு தொங்கும். ஒரு பையனுக்கு இரண்டு மாதம் தொடர்ந்து எடை இறங்கியது. சாயங்காலம் அம்மா அவன் வீட்டுக்குப் போனார். அவன் தாய்க்கு மில்லில் நைட் ஷிஃப்ட். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. டீயில் வர்க்கியை நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசி இரவுச் சாப்பாட்டுக்கு வழி செய்துவிட்டு வந்தார் அம்மா. அந்தப் பையன் ஒரு பாட்டாவது கற்றுக்கொண்டானா என்று தெரியாது. பிளே ஸ்கூல் டீச்சருக்கு அந்த வீட்டுக்குள் நுழைய வேலையே இல்லை.

தனியாரிடமும் நல்லது இருக்கிறது. கைக்குப் பொருள்கள் இருக்கும், ஒரு குழந்தை பக்கத்தில் உட்கார நேரம் இருக்கும். ஆனால் அங்கே முதலாளி பெற்றோர்தான். மூன்று வயதில் "இன்னும் ஏ பி சி டி எழுதலையே மிஸ்" என்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லியே களைத்திருப்பீர்கள்.

மாண்டிசோரி படித்தவர் நீங்கள். அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையாரின் முதல் பள்ளி 1907-ல் எங்கே தொடங்கியது என்று நினைவிருக்கும்: ரோமில் சான் லொரென்சோ என்ற கூலித் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போனபின் படிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்காக. பால்வாடி என்றே சொல்லலாம். வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் அது போனதெல்லாம் பிறகு. நீங்கள் படித்தது அங்கன்வாடியில் வீணாகும் என்று நான் நினைக்கவில்லை. மாண்டிசோரி வகுப்பில் எண்ணப் பழக்கும் மணியும் முத்தும் வாங்கக் காசு வராது, புளியங்கொட்டையை வைத்து ஒப்பேற்ற வேண்டியிருக்கும்.

எழுதிப் போடுங்கள் என்றே சொல்வேன். இரண்டு விஷயம் மட்டும் யோசியுங்கள். இது ஊரோடு கட்டிப்போடும் வேலை. உள்ளூர்க்காரர் என்றுதான் எடுக்கிறார்கள். உங்கள் கணவர் நாளைக்குக் கோவைக்கோ ஓசூருக்கோ போனால், கூடவே எடுத்துப்போக முடியாது. அப்புறம், ஆணை கைக்கு வரும்வரை பிளே ஸ்கூலை விடாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், ஐந்து வருடம் முடித்தால் அங்கேயும் பணிக்கொடை உண்டு. உங்களுக்கு நான்கு ஆகிவிட்டது.

அதற்கு முன், மே விடுமுறையில் மையம் திறந்திருக்கும் நாட்களில் அந்த டீச்சரிடம் கேட்டுவிட்டு நாலைந்து நாள் போய் உட்காருங்கள். காலையில் போய் மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்வரை இருங்கள். ஒரு நாள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.