உளப்பகுப்பாய்வில் தத்துவத்துக்கு என்ன வேலை? கேள்வி பதில்

கேள்வி: உளவியல் முதுகலை படிக்கிறேன், சார். உளப்பகுப்பாய்வு செய்பவருக்கு மொழித் தத்துவம் எதற்கு? இந்தச் சிகிச்சையை உருவாக்கிய ஃபிராய்ட் போதாதா?

பதில்: இந்தச் சிகிச்சையில் மாத்திரையோ ஊசியோ கிடையாது, பேச்சு மட்டும்தான். வெறும் பேச்சு ஓர் ஆளை எப்படி மாற்றுகிறது என்று கேட்காமல் இருக்க முடியுமா? மொழித் தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில், பேசுவதே ஒரு செயல் என்று காட்டினார். வாக்குக் கொடுப்பதும் மன்னிப்புக் கேட்பதும் சொல்லும்போதே நடந்துவிடுகின்றன. சிகிச்சைக்கு வந்தவர் "இன்னைக்கு பஸ் லேட்" என்றால் அது தகவலா, மன்னிப்பா, புகாரா? இப்படிக் கேட்கும் காதை ஆஸ்டினிடம் வளர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: "உங்களுக்கு அப்பா மேல் கோபம்" என்கிறார் என் சிகிச்சையாளர். யோசித்தால் சரி என்றுதான் படுகிறது. ஆனால் எனக்குள் எதுவும் மாறவில்லையே, ஏன்?

பதில்: இதில் உங்கள் குறை எதுவும் இல்லை. இரண்டு பேச்சுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "அப்பா போன் வந்தாலே தலை வலிக்கிறது, அப்படியானால் எனக்கு அவர் மேல் கோபம் இருக்க வேண்டும்." இது ஊகம். பக்கத்து வீட்டுக்காரரும் உங்களைப் பார்த்து இதைச் சொல்லிவிடலாம். "என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிப்பா அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தீர்கள்?" இங்கே கோபமே வாய் திறக்கிறது.

தத்துவவாதி ரிச்சர்ட் மோரன் 2001இல் வந்த நூலில் இந்த வித்தியாசத்தைத்தான் ஆராய்ந்தார். இன்னொரு தத்துவவாதி டேவிட் ஃபிங்கல்ஸ்டைன் ஒரு படி மேலே போனார்: நனவிலியில் (அன்கான்ஷியஸ், நனவுக்கு வெளியே உள்ள மனம்) இருக்கும் கோபம் நமக்குத் தெரியாத கோபம் என்பதல்ல. "எனக்குக் கோபம்" என்று சொல்வதாலேயே அந்தக் கோபத்தை வெளிப்படுத்த முடியாத நிலை அது. தத்துவம் சிகிச்சைக்குத் தந்தவற்றில் இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதனால் "எனக்குள் கோபம் இருக்கிறதா?" என்று உள்ளே துழாவுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அப்பா என்ன செய்தார், அது நியாயமா என்று அடுத்த அமர்வில் பேசிப் பாருங்கள். அந்தத் தீர்ப்பை நீங்களே சொல்ல வேண்டும், சிகிச்சையாளர் சொல்லி நீங்கள் தலையாட்டக் கூடாது.

கேள்வி: சிகிச்சைக்கு வந்தவர் ஒப்புக்கொண்டால் விளக்கம் சரி என்று ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. ஃபிராய்டே 1937இல், "ஆமாம்" என்ற பதிலை மட்டும் நம்ப முடியாது, அதைத் தொடர்ந்து புதிய நினைவுகள் கிளம்ப வேண்டும் என்று எழுதினார். தத்துவவாதி விட்கென்ஸ்டைனின் விமர்சனம் வேறு. ஒருவர் ஒப்புக்கொள்வது, தன் செயலுக்குக் காரணமாக அவர் எதை ஏற்கிறார் என்பதைக் காட்டும். அந்தச் செயலை உண்டாக்கியது எது என்பது சோதித்துத்தான் தெரியும். ஃபிராய்ட் இந்த இரண்டையும் குழப்பினார் என்றார் அவர்.

அப்புறம் டொனால்ட் டேவிட்சன் என்ற தத்துவவாதி 1963இல், ஒருவர் தன் செயலுக்கு நியாயமாகச் சொல்லும் காரணமே அந்தச் செயலை விளைவிக்கவும் கூடும் என்று வாதிட்டார். நான் டேவிட்சன் பக்கம். ஆனால் விட்கென்ஸ்டைனின் எச்சரிக்கை மனதில் இல்லாத சிகிச்சையாளர், தன் கதையை வந்தவர் தலையில் கட்டிவிடுவார்.

கேள்வி: நனவிலி என்பது மண்டைக்குள் உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஆளா?

பதில்: இல்லை. அப்படி ஓர் ஆளை வைத்தால் அவருக்கும் ஒரு நனவிலி வேண்டுமா என்ற கேள்வி வரும். மனதின் ஒரு பகுதி இன்னொரு பகுதியைப் பாதிக்கலாம், ஆனால் அதற்கு நியாயமான காரணமாக அமையாமல் போகலாம். டேவிட்சன் 1982இல் இப்படி விளக்கினார். சிகிச்சைக்கு இவ்வளவு போதும்.

கேள்வி: பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கானிலிருந்து படிக்கத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். நனவிலி மொழியைப் போல் கட்டமைந்தது என்ற அவருடைய கருத்து முக்கியமானதுதான், ஆனால் நடை ரொம்பக் கடினம். முதலில் ஃபிராய்டின் நோயாளி வரலாறுகளைப் படியுங்கள்.