தீபாவளிக்குள் தைத்து முடிக்க: இல்லப் பிள்ளைகளின் உடைகள் பற்றிக் கேள்வி பதில்

ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்து, தீபாவளிக்குள் குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுக்க உங்களில் பலர் கிளம்பியிருக்கிறீர்கள். கேட்டவற்றுக்கெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 30 வருஷமாகத் தையல் மெஷின்தான் என் பிழைப்பு. அதில் 12 வருஷமாக இந்த வேலையும் சேர்ந்து நடக்கிறது.

கேள்வி: அக்கா, ஒரே நிறத்தில் 40 மீட்டர் பாப்ளின் மலிவாகக் கிடைக்கிறது. மொத்தமாக எடுத்து 30 கவுன் தைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம்மா. முதல் வருஷம் நானும் அப்படித்தான் செய்தேன். அழகான ரோஸ் நிறம், வெள்ளைப் பட்டி வைத்து 26 கவுன். தீபாவளிக்கு மறுநாள் பிள்ளைகள் வரிசையாகக் கோயிலுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். வழியில் பூக்காரம்மா, "எந்த ஹோம் பிள்ளைங்க?" என்று கேட்டார். பாசமாகத்தான் கேட்டார். ஆனால் வரிசையின் கடைசியில் வந்த பெண் ஒருத்தி, அந்த வெயிலில் கவுனுக்கு மேல் ஒரு பழைய ஸ்வெட்டரைப் போட்டுக் கழுத்துவரை பித்தான் மாட்டியிருந்தாள். காரணம் கேட்கவே தேவையில்லை. வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் மனசு கேட்கவில்லை.

அதிலிருந்து ஒரே துணியில் 3 உடைக்கு மேல் தைப்பதில்லை. மாதிரி ஒன்றாகவே இருக்கட்டும், வெட்டவும் தைக்கவும் வேகமாக இருக்கும். துணியை மட்டும் மாற்றுங்கள். முடிந்தால் துணிகளை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பூப்போட்டதைத்தான் எடுப்பார்கள் என்று நாம் நினைப்போம், கட்டம் போட்ட நீலத்துக்கு மூன்று பேர் சண்டை போடுவார்கள்.

கேள்வி: வயதை மட்டும்தான் சொல்கிறார்கள், அளவு கிடைக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: வயதை நம்பி வெட்டாதீர்கள். சரியான சாப்பாடு இல்லாமல் வந்து சேர்ந்த 8 வயசுப் பிள்ளை 5 வயசு உடம்போடு இருக்கும். மார்புச் சுற்றளவு, தோளிலிருந்து முழங்கால் வரை நீளம், இந்த இரண்டை மட்டும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால், பிள்ளைக்குப் பொருந்துகிற பழைய உடை ஒன்றை இரவல் வாங்குங்கள். மார்புச் சுற்றுக்கு மேல் 4 அங்குலம் தளர்வு விடுங்கள். 44 அங்குல அகலத் துணி என்றால் 5 வயசு கவுனுக்கு ஒன்றேகால் மீட்டர் தாராளமாகப் போதும். வெட்டும் முன் துணியை நனைத்துக் காயவைக்க மறக்காதீர்கள்.

வளரும் பிள்ளைக்கு முக்கியம் டக், அதாவது துணியை மடித்துப் பிடிக்கும் தையல். கீழ்மடிப்புக்கு மேலே அரை அங்குல டக் இரண்டு பிடித்தால் 2 அங்குல நீளம் உள்ளே ஒளிந்திருக்கும். அந்தத் தையலை மட்டும் பெரிய தையலாகப் போடுங்கள், அடுத்த வருஷம் யார் வேண்டுமானாலும் பிரித்து இறக்கிவிடலாம்.

கேள்வி: பச்சைக் குழந்தைகளுக்கு ஜபலா தைக்க ஆசை. அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகள் இருக்கின்றன. பழையதில் தைக்கலாமா?

பதில்: தாராளமாக. பிறந்த குழந்தைக்குப் பழைய துணிதான் முதலில் என்பது நம் வீட்டு வழக்கமே. பலமுறை துவைத்த பருத்தி போல மிருதுவானது எதுவும் இல்லை. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு கட்டைவிரலாலும் இழுத்தால் இழை விட்டுக்கொடுக்கிறதா? அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். ஜரிகைக் கரையையும் வெட்டி எடுத்துவிடுங்கள்.

தையல் விளிம்பு வெளிப்பக்கம் வரட்டும், உள்பக்கம் தோலில் உரசக்கூடாது. பித்தான் வேண்டவே வேண்டாம், பிய்ந்தால் வாய்க்குள் போகும். நாடா வையுங்கள், முடிச்சு முதுகில் அல்லாமல் விலாப்பக்கம் வருகிற மாதிரி. குழந்தை நாள் முழுக்க மல்லாந்துதானே கிடக்கிறது!

கேள்வி: தலையணை உறையில் கவுன் தைப்பதை இணையத்தில் பார்த்தேன். சுலபமாக இருக்கிறதே?

பதில்: அமெரிக்காவின் மிச்சிகனில் 2008இல் தொடங்கிய ‘லிட்டில் டிரஸஸ் ஃபார் ஆப்பிரிக்கா’ அமைப்பு பரப்பிய மாதிரி அது. புதிதாகத் தைப்பவர்களுக்கு நல்ல பயிற்சி. ஆனால் தோளில் தொங்கும் நீள நாடா எனக்குப் பயம், ஊஞ்சலிலோ கம்பியிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கும். ஐரோப்பியத் தரவிதியில் 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் உடையில் கழுத்துப் பக்கம் நாடாவே கூடாது. நாடாவுக்குப் பதில் ஒன்றரை அங்குலப் பட்டியாகத் தைத்துத் தோளில் இணைத்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கலாமா?

பதில்: தமிழ்நாட்டில் 8ஆம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசே 4 செட் தருகிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் நம்மைப் போன்ற பெண்கள்தான் அவற்றைத் தைக்கிறார்கள். அதனால் புதிது தேவைப்படாது. ஆனால் தோள் இறங்கியோ இடுப்பு நழுவியோ இருந்தால் பிடித்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஜூன் மாதத்தில் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு நாள் உட்கார்ந்தால் 30, 40 பிள்ளைகளுக்குச் சரி செய்துவிடலாம்.

கேள்வி: திருப்பூரில் இருக்கிறேன். பனியன் துணி கட் பீஸ் கிலோ கணக்கில் கிடைக்கிறது. உபயோகப்படுமா அக்கா?

பதில்: தம்பி, உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்! எல்லாரும் கவுன் கொடுப்பார்கள், ஜட்டியும் சிம்மீஸும் கொடுக்க யாருக்கும் தோன்றாது. இல்லங்களில் எப்போதும் குறைவது அதுதான். கட் பீஸில் அழகாக வரும். முனை உருண்டையான பால் பாயிண்ட் ஊசி போடுங்கள், சாதா ஊசி கண்ணியை அறுத்து ஓட்டை விழவைக்கும். ஜிக்ஜாக் இல்லாத மெஷின் என்றால் துணியை லேசாக இழுத்துப் பிடித்துத் தையுங்கள். உள்ளாடை மட்டும் கண்டிப்பாகப் புதுத் துணியில்தான். ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிற நூலில் சின்ன அடையாளம் போட்டால், துவைத்துக் காய்ந்தபின் அவரவருடையது அவரவருக்கே போகும்.

கேள்வி: நைலான் நெட் வைத்த கவுன்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. தைக்கலாமா?

பதில்: தீபாவளிக்கு வேண்டாம். ஒரு பொறி பட்டால் நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியிலேயே சுருக்கம் அதிகம் வைத்துக் குடைபோல் விரிகிற மாதிரி தைத்துக் கொடுங்கள்.

கேள்வி: எந்த இல்லத்துக்குக் கொடுப்பது? கொடுக்கும்போது படம் எடுத்துப் போடலாமா?

பதில்: கலெக்டர் ஆபீஸ் பக்கம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கும். பதிவு பெற்ற இல்லங்கள் எவை என்று அங்கே கேளுங்கள். துணி வாங்கும் முன் இல்லத்துக்கும் ஒரு போன் போட்டு என்ன தேவை என்று கேட்டுவிடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் யாரும் தொடாத பழந்துணி சாலையோரம் குவிந்து கிடந்தது. கேட்காமல் அனுப்பியதால் வந்தது அது.

படம் வேண்டாம். சிறார் நீதிச் சட்டம், 2015இன் 74ஆம் பிரிவு அந்தப் பிள்ளைகளின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்கிறது. தைத்த உடையை மட்டும் கொடியில் தொங்கவிட்டு எடுங்கள்.

கேள்வி: பாவாடைக்கும் கவுனுக்கும் பை அவசியமா? அதற்கே அரை மணி நேரம் ஆகிறது.

பதில்: அவசியம். ஒரு பீரோவை ஆறு பேர் பங்கு போடும் இடத்தில் அந்தப் பை மட்டும்தான் அவளுக்கே அவளுக்கென்று இருக்கும். போன வருஷம் துணி மடிக்க உதவினேன். ஒரு கவுன் பையில் 5 புளியங்கொட்டையும் ஒரு ஹேர்பின்னும் இருந்தன. எடுத்து ஓரமாக வைத்தேன். அந்தப் பெண் வந்து எண்ணிப் பார்த்து, திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள். மேல் ஒட்டாக வைத்தால் பத்து நிமிஷம்தான். வாய் 4 அங்குலம், இரண்டு மூலையிலும் முக்கோணமாக இரட்டைத் தையல்.