பாலைவன மறிமான்கள் புகைப்படக்காரர்களையும் ஓவியர்களையும் ஏன் இவ்வளவு ஈர்க்கின்றன?

மான் போலத் தோன்றினாலும், கொம்பை உதிர்க்காமல் ஆயுள் முழுக்கச் சுமக்கும் மாட்டுக் குடும்ப விலங்குகளே மறிமான்கள். அவற்றில் ஓரிக்ஸ், அடாக்ஸ் போன்றவை பாலைவனத்தில் வாழ்பவை.

ஈர்ப்புக்கு முதல் காரணம், பின்னணி வெறுமையாக இருப்பது. காட்டில் இலையும் கிளையும் விலங்கின் உருவத்தை உடைத்துவிடும். மணல்மேட்டில் அது வெள்ளைத் தாளில் இழுத்த மைக்கோடு போலத் தனித்து நிற்கும். நமீப் பாலைவனத்தின் செம்மணலில் கெம்ஸ்பாக் ஓரிக்ஸ் நிற்கும் படங்கள் அத்தனை பிரபலமானது இதனால்தான். பண்டைய எகிப்தியக் கல்லறை ஓவியங்களிலும் ஓரிக்ஸ் உண்டு, பக்கவாட்டுத் தோற்றத்தில்.

அடுத்தது நிறம். அரேபிய ஓரிக்ஸின் வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். அடாக்ஸ் குளிர்காலத்தில் சாம்பல் பழுப்பாக இருந்து, கோடையில் ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். அழகுதான், ஆனால் கேமராவுக்குத் தலைவலி. காட்சி முழுதும் வெளிச்சமாக இருந்தால் கேமரா அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை விலங்கு அழுக்காகத் தெரியும். அதனால் ஒளியளவைச் சற்றுக் கூட்டி வைக்க வேண்டும். உச்சி வெயிலைத் தவிர்த்துவிடுங்கள். காலை, மாலைச் சாய்வெயிலில்தான் உடல் வளைவுகளும் மணல் அலைகளும் நிழலோடு எழும்.

அரேபிய ஓரிக்ஸ் 1972-இல் இயற்கைவெளியில் அற்றுப்போய், 1982-இல் ஓமனில் மீண்டும் விடப்பட்டது. படத்துக்காக அதைத் துரத்தாதீர்கள். அந்த வெப்பத்தில் ஓட்டம் அதற்கு ஆபத்து.

அப்புறம், நீண்ட கொம்பு இருந்தாலே ஆண் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஓரிக்ஸிலும் அடாக்ஸிலும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு.